மஞ்சக்கடம்புத் தூசு

காத்தாடியை நிறுத்தி வெகுநேரம் ஆகியும் பை அடங்கவில்லை.

வழக்கமாக அப்படி இருக்காது. பட்டறையில் கடைசல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓயும். சுவருக்கு இந்தப் பக்கம், கொட்டகையில், தகரக் கூட்டுக்குள் சுழன்று தூசை உறிஞ்சும் பெரிய காத்தாடியும் முனகி முனகி நிற்கும். உடனே விட்டத்திலிருந்து தொங்கும் ஆள் உயரத் துணிப்பை, பால் கறந்த எருமையின் மடிபோலத் தொய்ந்துவிடும். அதன்பிறகுதான் காளியாத்தாள் மூங்கில் குச்சியைக் கையில் எடுப்பாள். நாலு பக்கமும் அடித்து, துணியில் அப்பிய தூசை உதிர்த்து, அடிவாய்க் கயிற்றை அவிழ்த்து மரத்தூளைச் சாக்கில் கொட்டுவாள். அதுதான் அவள் வேலை. அன்று பொழுதோடு குச்சியை ஓங்கியவள், பை சுருங்குவதைப் பார்த்தாள். பிறகு அது லேசாக உப்புவதையும் பார்த்தாள்.

மறுபடி சுருங்கியது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தக் கணபதி ஊர் வரைக்கும் வந்து ஓட்டைப் பெயர்க்கும். ஆனால் கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. மூலையில் நூலாம்படை அசையாமல் தொங்கியது. பை மட்டும் உப்பியது. சுருங்கியது. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீண்ட இழுப்பு, பிறகு எதுவுமில்லாத ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி நின்று அவளுக்குப் பழக்கம்தான்.

நீலகிரிப் பைக்காரா மின்சாரம் வந்து கோயமுத்தூரைச் சுற்றி மில்கள் எழுந்த காலம் அது. மில்களுக்கு நூல் சுற்றும் பாபின் கட்டைகள் வேண்டியிருந்ததால், அங்கப்பன் தன் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கணபதியில் பட்டறை போட்டார். ஆனைமலைக் காட்டிலிருந்து மஞ்சக்கடம்பு மரம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. அதைக் கடைந்து கடைந்துதான் காளியாத்தாளின் கணவன் திருமூர்த்தியின் நெஞ்சு கெட்டது. பொழுதோடு மஞ்சள் பூசிய பிள்ளையார்போல வீட்டுக்கு வருவான். துப்பினால் அதுவும் மஞ்சள். படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பான். தூதுவளைக் கசாயத்தைப் புகட்டிவிட்டு, அவள் உள்ளங்கையைக் குவித்து அவன் முதுகில் தட்டுவாள். "அங்கதான் அம்மணி, இன்னுங் கொஞ்சம் கீழ" என்பான். தட்டினால் கொஞ்சம் இளகும். அவன் போய்க் கருமாதியும் முடிந்த பிறகுதான் அங்கப்பன் தூசை உறிஞ்சுகிற காத்தாடியையும் பையையும் வாங்கி மாட்டினார். திருமூர்த்தி நின்ற இயந்திரத்தில் இப்போது அவர்களுடைய மகன் லட்சுமணசாமி நின்றான்.

அன்று அவள் பையை அடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாளும் பை அப்படித்தான் இருந்தது. அதற்கு அடுத்த நாள் அவள் பக்கத்தில் போய்த் துணியில் காதை வைத்தாள். உள்ளே ஈரமில்லாத ஒரு கரகரப்பு. பச்சை மரவாசனைக்கு அடியில், மெல்ல மெல்ல, தூதுவளையின் கசப்பு வாசம் வந்தது. ஓடிவிடத்தான் காலை எடுத்தாள். அப்போது பை அந்த நிறுத்தத்துக்கு வந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

குச்சி கையிலிருந்து விழுந்தது. உள்ளங்கையைக் குவித்து, துணியின்மேல், இன்னும் கொஞ்சம் கீழே, தட்டினாள்.

பை மூச்சு விட்டது.

அதன்பிறகு அவளால் குச்சியைத் தொட முடியவில்லை. தினமும் மற்றவர்கள் போனதும் பையோடு நின்று தட்டிக்கொண்டிருந்தாள். பயம் போய்விடவில்லை. ஆனாலும் கை தானாக எழுந்துவிடும். அடிபடாத துணியின் கண்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. பை கனத்துத் தணிந்தது. காத்தாடியால் தூசை இழுக்க முடியவில்லை. பட்டறையின் மின்விளக்கைச் சுற்றிப் பழையபடி மஞ்சள் மூட்டம் கட்டியது.

ஒருநாள் சோறு தின்றுகொண்டிருந்த லட்சுமணசாமி இருமினான். வறட்டு இருமல். வேகவேகமாக வந்து, முடிவில் விக்கல்போல ஒரு சொடுக்கு. காளியாத்தாள் கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள்.

"சும்மாதாம்மா. தூசு" என்றான்.

அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் பொழுதோடு கொட்டகைக்குத்தான் போனாள். தட்டத்தான் தட்டினாள்.

அங்கப்பன் ஒருநாள் அவளை மறித்தார். "ஏனுங்க அம்மணி, பையை அடிக்கறீங்களா இல்லீங்களா? உள்ள ஆளுக்கு ஆளு முகந் தெரியறதில்லீங்க."

"அடிக்கறனுங்க."

"அப்ப துணியே அடைச்சுப்போச்சாட்ட இருக்குது. டவுனுக்குப் போயி நல்ல துணியாப் பாத்து எடுத்துட்டு வந்து புதுசாத் தெச்சுப்போடுங்க. பழசைக் கொளுத்திருங்க." திரும்பியவர், நின்று, குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க பையன் இருமறானுங்க அம்மணி. அந்த இருமல் எனக்குத் தெரியுமுங்க."

டவுனில் அமீர் ஹம்சாவின் துணிக்கடையில், அவள் ஒவ்வொரு துணியாக வாயும் மூக்கும் மூடும்படி பிடித்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். கித்தான் நெஞ்சை அடைத்தது. மல் துணியில் சுகமாகக் காற்று வந்தது. முந்தானையில் முடிந்து வந்த தூசை அதன்மேல் வைத்து ஊதியபோது தூசும் சுகமாக மறுபக்கம் வந்துவிட்டது. கடைசியில், உள்பக்கம் பஞ்சுபோல மெத்தென்றிருந்த ஒரு முரட்டுத் துணி அகப்பட்டது. மூச்சு போனது. தூசு நின்றது.

"வாயில வெச்சு வெச்சுப் பாக்கறீங்களே, எதுக்கும்மா?" என்றார் அமீர் ஹம்சா.

"மூச்சு உடோணுங்க பாய். தூசை மட்டும் புடிச்சுக்கோணுமுங்க."

பட்டறை விவரம் கேட்டுக்கொண்டு அவர் துணியை அளந்து கிழித்தார். "எங்க அண்ணன் பஞ்சு ஜின்னிங் மில்லுல இருந்தாரும்மா. கடைசியில படுக்கவே முடியலை. உக்காந்தேதான் கெடந்தாரு."

"எங்கூட்டுக்காரரும் அப்படித்தானுங்க இருக்கறாரு" என்றாள்.

அவர் அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தார். அவளும் குனிந்து அதைப் பார்த்தாள். துணியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு அடுக்குத் தையல் போட்டுப் புதுப்பையை முடித்தாள். பழைய பையைக் கழற்றும்போது அது ஒரு ஆளின் கனம் கனத்தது. லட்சுமணசாமி கைகொடுக்க வந்தான். வேண்டாம் என்று துரத்திவிட்டுத் தனியாகவே இழுத்துப்போய், பட்டறைக்குப் பின்னால் கள்ளிவேலி ஓரத்து வேலமரக் கிளையில் கட்டினாள். மேற்கே வெயில் சாய்ந்திருந்தது. அங்கும் பை இழுத்தது. இரண்டு சின்னது, ஒன்று நீண்டது.

குச்சியை எடுத்தாள்.

"ஏனுங்க" என்றாள். திருமூர்த்தி இருந்தபோது அவனைக் கூப்பிட்டதுபோலவே. "போயிருங்க. பையன் இருமறானுங்க. இவ்வளவு நாளு வெச்சுத் தட்டிப்போட்டேன். இனி என்னால ஆகாதுங்க."

அடித்தாள். பை இருமியது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். மஞ்சள் தூசு கிளம்பி முகத்தில், நாக்கில், கண்ணீரில் ஒட்டியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு இருமல், ஒரு விசும்பல். கை ஓயும்வரை அடித்தாள். இழுப்பு சிறுத்தது. பிறகு அந்த நிறுத்தம் வந்தது. அவள் குச்சியைப் போட்டுவிட்டு, உள்ளங்கையைக் குவித்து, துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு, அவன் போன விடியலில், அவள் அசதியில் தூங்கிப்போயிருந்தாள். இன்றைக்கு விழித்திருந்து பார்த்தாள்.

பை திரும்ப உப்பவில்லை.

அதைக் கொளுத்தினாள். சாம்பல் ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினாள்.

மறுநாள் புதுப்பை காற்றை வாங்கி விம்மி நின்றது. பட்டறைக்குள் மூட்டம் கலைந்து எதிர்ச்சுவர் தெரிந்தது. அங்கப்பனே வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். உச்சிப்பொழுதில் சாப்பாட்டுக்கு மோட்டாரை நிறுத்தினார்கள். காளியாத்தாள் கொட்டகையில் நின்று பார்த்தாள். பை சுருங்கியது. தொய்ந்தது. தொய்ந்தபடியே இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல இருந்தது அவளுக்கு.

தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு மகனிடம் போனாள். சட்டையைக் கழற்றிவிட்டு இயந்திரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கம்மஞ்சோற்றை வட்டிலில் போட்டு மோரை ஊற்றினாள். கரைத்துக் குடித்தான். வெகுநாளைக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது.

"இருமல் நின்னுபோச்சும்மா" என்றான். "காத்தால இருந்து ஒருக்காக்கூட வரலை."

"சாமி புண்ணியம் கண்ணு" என்றாள். மனம் நிறைந்து சிரித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சரசரத்தது.

துணி. காற்றை வாங்குகிற துணி.

அவள் எழுந்தாள். எழுந்து போய்க் கொட்டகைக் கதவைத் தள்ளினாள். காத்தாடி ஓடவில்லை. புதுப்பை உப்பியிருந்தது. சுருங்கியது. உப்பியது. தூதுவளை வாசம் இல்லை. இரண்டு சின்ன இழுப்பு இல்லை, நீண்ட இழுப்பும் இல்லை. அது திருமூர்த்தியின் மூச்சே இல்லை. இளைய மூச்சு. சீரான மூச்சு. பிறகு பை இருமியது. வேகவேகமாக, வறட்டு இருமல். முடிவில் விக்கல்போல ஒரு சொடுக்கு.

திரும்பி ஓடிவந்தாள்.

லட்சுமணசாமி அங்கேயேதான் இருந்தான். வட்டிலை நீட்டினான். "இன்னங் கொஞ்சம் மோரு ஊத்தும்மா" என்றான். உதடு அசைந்தது. கண் சிரித்தது. வெறும் மார்பில் வியர்வையோடு படிந்த மஞ்சள் தூசு, கீறல் விழாமல் வழுவழுவென்று இருந்தது.

அவன் மீசையில், மூக்குத் துவாரத்துக்கு நேர் கீழே, கடம்ப மரச்சீவல் ஒன்று சுருளாகத் தொங்கியது. நூலைவிட மெல்லியது. குழந்தை ஊதினாலும் பறந்துவிடும். காளியாத்தாள் அவன் முன்னால் மண்டியிட்டு அதையே பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பை மூச்சை இழுத்தது. விட்டது. இழுத்தது. விட்டது.

சீவல் ஆடவே இல்லை.