அதே அளவு

பெய்பித் எழுந்தான். கெட்டிலை அடுப்பில் வைத்தான். இரண்டு கிண்ணங்களை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். பால் சேர்த்த தேநீரை நின்றபடியே குடித்தான். படுக்கையறையில், இறந்துபோன மனைவி ஷோல்பானுக்காக நாற்பது நாள் எரிந்த விளக்கைப் போன வாரம் அணைத்துவிட்டிருந்தான். அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. அவன் சமையலறை சோபாவில் தூங்கப் பழகியிருந்தான். கோட்டு, தொப்பி, பேருந்து. அல்மாட்டி நகரத்தின் மேல் நிலக்கரிப் புகை படிந்திருந்தது.

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு ஊசி போட்டான். பிறகு ஒவ்வொன்றாகச் சுழலும் தண்டின் மேல் விட்டான்.

ஒன்றுகூட விழவில்லை.

தினமும் ஒரே அறையில் சாராய ஊசி போட்டால், அந்த அறையைக் கண்டதுமே எலியின் உடம்பு தயாராகிவிடும், தள்ளாடாது. அதே அளவை வேறோர் அறையில் போட்டால் சரியும். சில செத்தும் போகும். இதை எழுதித்தான் பெய்பித் பட்டம் வாங்கினான். ஊசி போட்டவள் ஷோல்பான். ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்து, பிடரியைத் தடவிக்கொடுத்துப் போடுவாள். அவள் இறந்து, அவன் ஊசி போடத் தொடங்கியதிலிருந்து, பழகிய இதே அறையிலும் எலிகள் விழத் தொடங்கின. அறை என்பதில் அவளும் சேர்த்திதான் போலிருக்கிறது.

இன்று எல்லாம் நிமிர்ந்து நடந்தன.

"என் வீட்டுக்காரனை இதுங்ககிட்ட டியூஷனுக்கு அனுப்பணும்," என்றாள் கூண்டு கழுவும் ஸாகிலா. "அரை கிளாசுக்கே பக்கத்து வீட்டுக்காரன் செருப்பைப் போட்டுட்டு வந்து நிக்கிறான்."

"சாராயத்துல தண்ணி கலந்திருக்கும், அக்கா."

"ஏன், நான் குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வெச்சேனா?"

அவன் இன்னும் ஊசி போடாத ஒரு எலியைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனான். அதே புட்டி, அதே அளவு. தண்டில் வைத்ததும் ஈரத் துணிபோல விழுந்தது. சாராயத்தில் குறை இல்லை.

திரும்பி வந்தபோது அறையில் ஒரு வாசம். காய்ந்த எண்ணெயில் மாவு பொரியும் வாசம். வெள்ளிக்கிழமைகளில் ஷோல்பான் தன் வீட்டில் இறந்துபோனவர்களுக்காக ஏழு ரொட்டி பொரித்துவிட்டு, தலைமுடியெல்லாம் அந்த வாசத்தோடுதான் வேலைக்கு வருவாள்.

"ரொட்டி சுட்டு எடுத்துட்டு வந்தீங்களா?"

"இல்லையே. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நீ வீட்டுல எண்ணெய் காய வெச்சியா?"

"நாற்பதுதான் முடிஞ்சுதே."

"அதுக்கு?" ஸாகிலா தண்ணீரை நிறுத்தினாள். "விளக்கு?"

"அணைச்சாச்சு."

"நல்லா படிச்சே போ. விளக்கும் இல்ல, எண்ணெய் வாசமும் இல்லன்னா அவ எதை வெச்சு வீட்டைக் கண்டுபிடிப்பா? தெரிஞ்ச இடமாப் பாத்து அலைவா."

அவன் எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாக் கூண்டுகளிலும் அவை முன்னங்கால்களைக் கம்பியில் ஊன்றி, மீசை துடிக்க, ஜன்னலோர முக்காலியையே பார்த்தபடி நின்றன. பிடரியைத் தடவும் விரலுக்குக் காத்திருப்பதுபோல அவற்றின் கழுத்துகள் தாழ்ந்திருந்தன. பிறகு அந்த மூக்குகள், ஒரே சமயத்தில், மெல்ல, நடந்து வரும் ஒருவரைத் தொடர்வதுபோல, மேசையைத் தாண்டி, கழுவுதொட்டியைத் தாண்டி, அவன் பக்கம் திரும்பின.

அவன் மேல் நிற்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்றன.

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினான். கதவு மூடியதும் உள்ளே ஒரு சத்தம். பொத். இன்னொன்று. பிறகு வரிசையாக.

"பெய்பித், வந்து பாரேன்," என்றது ஸாகிலாவின் குரல். "எல்லாம் சாயுது."

அவன் திரும்பிப் போகவில்லை. அவற்றைத் தாங்கிப் பிடித்திருந்தது எதுவோ, அது இப்போது அந்த அறையில் இல்லை.

பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. கூட்டத்திலும் உட்காரவில்லை. எண்ணெய் வாசம்.

சித்தப்பா வீட்டுத் தொட்டில் விருந்து நினைவுக்கு வந்தது. புல்வெளி நடுவே, ஷோல்பான் அதுவரை கால் வைக்காத வீடு. வாழ்த்துச் சொல்லி சித்தப்பா நீட்டிய சாராயக் கிண்ணத்தை மருமகள் மறுக்கக் கூடாது. அடிவரை காலி செய்ய வேண்டும். ஷோல்பான் அவனைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். "வீட்டுல குடிக்கிற அளவுதானே, குடி," என்றான் அவன். எலிகளுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் போயிற்று. குடித்துவிட்டுக் காற்று வாங்கப் போனவளை ஆட்டுக்கொட்டகைச் சுவரோரம் விடிந்த பிறகு கண்டார்கள். செருப்புக்குள் பனி கட்டியிருந்தது.

அவள் கடைசியாக ஆண்டவன் பெயரைச் சொன்னதாக அம்மா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அவன் மறுத்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வாணலியைத் தொட்டான். சில்லென்றிருந்தது. வாசம் மட்டும் சுவரிலிருந்து வந்தது. படுக்கையறைக் கதவின் கீழே வெளிச்சம்.

விளக்கை அவன்தான் அணைத்தான். நன்றாக நினைவிருந்தது.

மேசையருகே உட்கார்ந்து வழக்கமான இரண்டு கிண்ணம் கோன்யாக் பிராந்தியில் முதலாவதை ஊற்றினான். இந்தச் சமையலறையில் அது அவனை ஒருநாளும் அசைத்ததில்லை. ஒரே மூச்சு.

கை மரத்தது. பிறகு முழங்கால். நாற்காலி நழுவியது. கன்னத்தில் தரை.

எழ முயன்றான். உடம்பு வரவில்லை.

ஒரு கிண்ணம்தான். இதே வீடு.

இதே வீடா?

மேசைக்கடியில் எதிர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள் அல்ல. செருப்பு நிறையப் பனி. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது. பனி உருகவில்லை.

மேலே புட்டி சாய்ந்தது. ஊற்றும் ஒலி. இரண்டாவது கிண்ணம். ததும்ப நிறைந்த பிறகும் ஊற்றும் ஒலி நிற்கவில்லை. மேசை விளிம்பிலிருந்து அவன் வாய்மேல் சொட்டியது.

பிடரியில் ஒரு விரல். தடவிக்கொடுத்தது.

அன்று விருந்தில் முணுமுணுத்ததை அதே குரலில், அதே களைப்போடு சொன்னாள்.

"அளவு அதேதான், பெய்பித். ஆனா இது நம்ம வீடு இல்லையே."