எண்ணெய் படாத கண்ணாடிகள்

விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார் டாக்டர். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள்; இவர் மடியில் ஒரு பெட்டியே இருந்தது. உள்ளே மலேரியா நோயாளிகளின் ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகள்.

எதிரே ஆய்வகத் தலைவியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக அவர் கணவர். தெருவில் பூனை காணாமல் போனாலும் நாலு பேரைச் சந்தேகிக்கும் மனிதர்.

"முப்பத்தொரு பேருக்கு ஒரு நாட்டு வைத்தியரோட இலைக் கஷாயம் குடுத்தோம். ஏழாம் நாள் ஒருத்தர் ரத்தத்துலயும் கிருமி இல்லை. குணம்னு வீட்டுக்கு அனுப்பிட்டேன். இன்னிக்கு அதுல ஒரு வேன் டிரைவர் நடுங்கிக்கிட்டு வந்து நிக்கிறார். வெளி லேப்ல பரிசோதிச்சா ரத்தம் பூரா கிருமி. நாளைக்கு இன்னும் நாற்பது பேருக்குக் கஷாயம் தொடங்கணும்."

"வைத்தியர் இலையை மாத்திட்டார்," கணவர் எழுதியே விட்டார். "இல்லேன்னா நர்ஸ் கஷாயத்தைக் கீழ ஊத்திட்டாங்க."

"பேனாவை மூடுங்க கொஞ்சம்." அம்மாள் பெட்டியைத் திறந்து, கஷாயத்துக்கு முன் எடுத்த முதல் நாள் கண்ணாடிகள்மேல் விரலை ஓட்டினார். பிசுக்கும் தூசியும் ஒட்டின. ஏழாம் நாள் கண்ணாடிகளில் ஒன்றும் ஒட்டவில்லை. "இதெல்லாம் யார் பார்த்தது?"

"முதல் நாளுது நான். ஏழாம் நாளுது எங்க அத்தான். அக்கா வீட்டுக்காரர். இருபது வருஷமா இதே வேலை." சொல்லிவிட்டு டாக்டர் ஏனோ ஜன்னலைப் பார்த்தார்.

மாலையில் வைத்தியர், நர்ஸ், அத்தான் எல்லோரும் டாக்டரின் ஆய்வகத்தில் கூடினார்கள். வைத்தியர்தான் முதலில் வாய் திறந்தார். "இந்த இலை காய்ச்சலை இறக்கும்னுதான் சொன்னேன். கிருமியைக் கொல்லும்னு நானா சொன்னேன்?"

"நீங்க சொல்லலை. ஏழாம் நாள் கண்ணாடிங்க சொல்லுச்சு," என்றார் அம்மாள். "மலேரியாக் கிருமியைப் பார்க்கணும்னா கண்ணாடிமேல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மைக்ராஸ்கோப் லென்ஸ் அதுல முங்கணும். துடைச்சாலும் அந்தப் பிசுக்கு லேசுல போகாது. ஏழாம் நாள் கண்ணாடி ஒண்ணுல கூடப் பிசுக்கு இல்லை. அதை யாரும் பார்க்கவே இல்லை."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான் தலை நிமிரவில்லை.

"மூணு மாசமா எல்லாம் புகை மூட்டமாத் தெரியுது," என்றார். "கண்ணுல புரைன்னு சொன்னா வேலை போயிடும். காய்ச்சல்தான் விட்டுடுச்சே, கிருமியும் போயிருக்கும்னு எழுதிட்டேன். உங்க அக்காவுக்குத் தெரியாது மாப்பிள்ளை."

"அத்தான் பேர்ல வழக்கு," என்று பேனாவைத் திறந்தார் கணவர்.

"மூடுங்க." அம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினார். "முதல் நாளுதை நீங்களே பார்த்தீங்க. ஏழாம் நாளுது ஒண்ணே ஒண்ணை எடுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

அஞ்சு நிமிஷம். டாக்டருக்குத் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் தெரியும்: போன மாதம் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் அத்தான் தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றியதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, ரசத்துக்குக் கையை நீட்டினார். கசப்புக் கஷாயத்தில் கிடைத்த இனிப்பான முடிவு, யார் துப்புவார்கள்?

"எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர், அத்தானைப் பார்க்காமல். "நாளைக்குக் கஷாயம் கிடையாது. வீட்டுக்குப் போன முப்பது பேரையும் கூப்பிடணும்."

கணவர் முதல் தடவையாக உருப்படியாக ஒரு வேலை செய்தார்: போனை எடுத்தார்.

டாக்டர் ஏழாம் நாள் கண்ணாடி ஒன்றை வைத்து, எண்ணெய் விட்டு, கண்ணைப் பதித்தார். வெளிச்ச வட்டத்தில் குட்டிக் குட்டி மோதிரங்களாகக் கிருமிகள் சிதறிக் கிடந்தன.

"அத்தான், எழுதிக்கோங்க," என்றார். "இவங்களுக்கு இருக்கு."