நானூறாவது மணி நேரம்

டெலிபோன் அலறியது.

ஸ்டேஷன் ஏட்டு எடுத்தார். காலை மணி பதினொன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

"சார்... சமூகப்பணிக் கல்லூரியில இருந்து பேசறேன். நான் இங்க ப்யூன். எங்க ஸ்காலர்ஷிப் ஆபீசர் எழுந்திருக்க மாட்டேங்கறார்..."

"தூங்கறாரா?"

"அப்படித்தான் சார் நெனச்சேன். ஆனா வழக்கமா சாப்பாட்டுக்கு அப்புறம்தான் தூங்குவார்."

"தட்டி எழுப்பிப் பாரேன்யா."

"ஏற்கெனவே யாரோ தட்டிட்டாங்க சார்... பஞ்சிங் மெஷினால!"

ஏட்டு ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"சார், கொலை."

இன்ஸ்பெக்டர் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் விழுங்கினார். வீணாக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

*

சின்ன அறை. மேஜை, நாற்காலி, பீரோ... எதன் மேலும் இடமில்லை. எல்லாவற்றின் மேலும் விண்ணப்பங்கள்!

ஸ்காலர்ஷிப் ஆபீசர் அவற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் பழைய இரும்பு பஞ்சிங் மெஷின். ஒரு தடவை அழுத்தினால் நூறு தாளில் துளை விழும். ஆபீசர் தலைக்கும் ஒரு தடவைதான் தேவைப்பட்டிருந்தது.

அவருடைய வலது கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார்.

'நிராகரிக்கப்பட்டது.'

"மனுஷன் கடைசி மூச்சு வரைக்கும் டூட்டி பார்த்திருக்கார்," என்றார் ஏட்டு.

வெளியே பெஞ்சில் ப்யூன் நடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் புகட்டினாள். இறுதியாண்டு மாணவி. வகுப்பில் முதல் ரேங்க்.

"நீ எப்பய்யா பார்த்தே?"

"பத்து மணிக்கு முன்னாடியே ஜெராக்ஸ் எடுக்கப் போயிட்டேன் சார்... கடையில கூட்டம். பத்தே முக்காலுக்கு மேலதான் வந்தேன். பார்த்தா..."

"இவருக்கு எதிரிங்க யாராவது?"

ப்யூன் யோசித்தார்.

"மொத்தக் காலேஜுமே சார். நொட்டை சார்னுதான் பேரு. போட்டோவுல காது தெரியலைன்னு ஒரு பையனைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் காது தெரியற போட்டோ கொண்டு வந்தான். காது மட்டும்தான் தெரியுதுன்னுட்டார்."

இன்ஸ்பெக்டர் மாணவியிடம் திரும்பினார்.

"நீ இங்க என்னம்மா பண்றே?"

"பதினொரு மணியில இருந்து இவர்கூட இருக்கேன் சார். அதிர்ச்சியில இருக்கறவங்களைத் தனியா விடக் கூடாது."

"பத்து மணிக்கு எங்க இருந்தே?"

"ஃபீல்ட் ஒர்க்ல சார்."

கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள். ஏட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

"நொட்டை... சாரி, இவர் செத்தா யாருக்கு லாபம்?"

"யாருக்கும் இல்ல சார். நஷ்டம்தான். இன்னிக்குத்தான் கடைசி நாள்!"

அவளே விளக்கினாள். ஒரு டிரஸ்ட். வருஷத்துக்கு ஒரே ஒரு மாணவருக்கு முழு உதவித்தொகை. படிப்பு, ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் அவர்கள் செலவு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மூன்று நிபந்தனைகள். நல்ல மார்க். உண்மையான ஏழ்மை. நானூறு மணி நேரம் களப்பணி.

"கிடைக்கலைன்னா?"

"நாளைக்கு ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணணும் சார். எங்கம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில பெட்ஷீட் துவைக்கறாங்க. கொதிக்கற தண்ணியில கை வச்சு வச்சு விரல் ரேகையே போயிடுச்சு. எனக்கும் அங்க ஒரு வேலை சொல்லி வச்சிருக்காங்க... படிப்பு நின்னா போறதுக்கு."

குரல் உடையவில்லை. அதனால்தான் கேட்பவர்களுக்கு என்னவோ செய்தது. இன்ஸ்பெக்டர் இல்லாத கர்ச்சீப்பைப் பாக்கெட்டில் தேடினார்.

"சார்!" அறைக்குள்ளிருந்து ஏட்டு கூவினார். "இதைப் பாருங்க!"

மேஜை மேல் ஒரு ஃபைல். இரண்டாவது ரேங்க் மாணவனுடையது. அதில் சிவப்பு மையில் ஆபீசரின் கையெழுத்து...

'நேரில் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். அது இவன் வீடு அல்ல. அது இவன் அம்மாவும் அல்ல!'

*

அவனைச் சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துப் பிடித்தார்கள். கார் சாவியோடு!

ஊருக்கெல்லாம் புத்தி சொல்வான் என்பதால் வகுப்பில் அவனுக்கு 'சித்தப்பா' என்று பட்டப்பெயர். வயது இருபத்து மூன்று.

காலி வகுப்பறை ஒன்றில் விசாரணை நடந்தது. சித்தப்பா முதலில் இன்ஸ்பெக்டரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினான்.

"நீங்க கோபமா இருக்கீங்கன்னு புரியுது சார். அதைப் பத்திப் பேசலாமா?"

"பேசறதுக்கு நான்தான் சம்பளம் வாங்கறேன். நீ பதில் மட்டும் சொல்லு. யாருடா அந்த அம்மா?"

சித்தப்பா தலையாட்டுவதை நிறுத்தினான்.

"என் ஃபீல்ட் ஒர்க் பயனாளி சார். வாரா வாரம் போய் ஆறுதல் சொல்லுவேன். ஒரு நாளைக்கு மட்டும் எனக்கு அம்மாவா இருங்கன்னு கேட்டேன்..."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"பிரமாதமா பண்ணாங்க சார். கண்ணுல தண்ணிகூட விட்டாங்க. ஆபீசர் கெளம்பற நேரத்துல, 'தம்பி, உங்க பேர் என்ன சொன்னீங்க'ன்னு என்னையே கேட்டுட்டாங்க."

ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள்கள் குலுங்கின.

"உன் நிஜ வீடு?"

"மூணு மாடி சார்."

"லிஃப்ட்?"

"...இருக்கு சார்."

"அப்புறம் எதுக்குடா உனக்கு ஸ்காலர்ஷிப்?"

"ரெஸ்யூமேல போட்டா நல்லா இருக்கும் சார்."

இன்ஸ்பெக்டர் பத்து எண்ணினார். கை நீளாமல் இருக்க அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது.

"இன்னிக்கு அவர் ரூமுக்குப் போனியா, இல்லையா?"

"பத்தரைக்கு மேல போனேன்... கால்ல விழுந்து கெஞ்சலாம்னு. உள்ள போய்ப் பார்த்தா அவரே விழுந்து கிடந்தார்! சத்தியமா நான் இல்ல சார்! ஓடி வந்துட்டேன்!"

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஏட்டய்யா, விலங்கை மாட்டுங்க."

சித்தப்பா ஓவென்று அழுதான்.

கதவருகே நிழல் தட்டியது. அந்த மாணவி!

"சார்... அவன் பொய் சொல்லுவான். ஆனா கொலை பண்ண மாட்டான். கொசுவைக்கூட அடிக்காம அதுகிட்ட பேசிப் பார்ப்பான்."

"உனக்குப் போட்டியா நிக்கறவன்மா இவன்."

"இருக்கலாம் சார். செய்யாத தப்புக்கு ஒருத்தன் உள்ள போகக் கூடாது இல்லையா?"

அவள் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை நிற்கும் வரை முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு ஆபீசரின் மனைவி அலறிக்கொண்டு வந்தபோது அவரையும் அவள்தான் தாங்கிப் பிடித்தாள். மதியம் சாப்பிடக்கூட இல்லை. இப்படி ஒரு பெண்ணைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள் என்று இன்ஸ்பெக்டர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அதை மாலை வரை நம்பவும் செய்தார்.

*

மணி நாலரை.

பாடி போயாகிவிட்டது. ஜீப்பில் சித்தப்பா ஏற்றப்பட்டான். கதவைச் சாத்தப் போன நேரத்தில், அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"சார்... ஒரே ஒரு கையெழுத்து!"

"என்னம்மா இது?"

"ஃபீல்ட் ஒர்க் டைரி சார். இதுல கையெழுத்துப் போடற எங்க மேடம் லீவு. அவங்க இல்லைன்னா அந்த இடத்துல இருக்கற பொறுப்பான அதிகாரி கையெழுத்துப் போடலாம். பதினொண்ணுல இருந்து நாலரை வரைக்கும் நான் உங்க கண்ணு முன்னாடிதானே இருந்தேன்? இதோட நானூறு மணி நேரம் முடியுது. ஓடினா அஞ்சுக்குள்ள பிரின்சிபால் கையில கொடுத்துடுவேன்!"

"தாராளமா போடறேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். ஆனால் அவர் ஒருமுறை படிக்காமல் கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் சஸ்பெண்டில் இருந்தவர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"படிக்க வேண்டாம் சார்! நேரமாச்சு!"

அவர் படித்தார்.

'காலை 10.00 முதல் 10.30 வரை. இடம்: ஸ்காலர்ஷிப் அலுவலகம். தனிநபர் சந்திப்பு. ஆறு மணி நேரம் குறைவதாகக் கூறினார். மாலைக்குள் முடிப்பதாகக் கூறினேன். ஒத்துழைக்கவில்லை. என் விண்ணப்பத்தில் ஸ்டாம்ப் அடிக்க முயன்றார். பஞ்சிங் மெஷினைப் பயன்படுத்தித் தடுத்தேன். உணர்ந்தது: கோபம், நிம்மதி, பயம். மறு சந்திப்பு தேவையில்லை.'

இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை படித்தார். எழுத்து மாறவில்லை.

"இதை... எதுக்கும்மா எழுதினே?"

"இதை விட்டா அரை மணி நேரம் குறையுது சார்."

"வேற ஏதாவது எழுதியிருக்கலாமே!"

"செய்யாததை எழுதினா பொய் ஆயிடும். டைரியில பொய் எழுதினா ஸ்காலர்ஷிப் கேன்சல்."

"கொலை பண்ணினா?"

"விண்ணப்பத்துல அதைப் பத்தி எதுவும் போடல சார்."



"இந்த டைரியைக் கொண்டு வந்து போலீஸ்காரன் கையிலயே நீட்டறியே!"

"யாரும் படிக்க மாட்டாங்க சார்!" இப்போதுதான் முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷமா எழுதறேன். எங்க மேடம் ஒரு வரி படிச்சதில்ல. பக்கத்தைத் திருப்பி கையெழுத்து, அவ்வளவுதான். 'மேடம் கிளாஸ்ல தூக்கம் வருது'ன்னு எழுதிப் பார்த்தேன். 'மிக நன்று'ன்னு போட்டுக் கொடுத்தாங்க. ஃபீல்ட் ஒர்க் போன எந்த ஆபீசும் படிக்கல... எந்த ஆஸ்பத்திரியும் படிக்கல... நீங்க ஏன் சார் படிச்சீங்க?"



"ஸ்டாம்ப்பை மையில ஒத்தினார் சார். அது கீழ வரக் கூடாதுன்னு மட்டும்தான் நெனச்சேன். எங்கம்மா கைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. வேற ஒண்ணும் தெரியல..."

 இருபது வருஷ சர்வீஸில் ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டு இன்ஸ்பெக்டர் இவ்வளவு வருத்தப்பட்டது இதுதான் முதல் தடவை. பேனாவை மூடினார். டைரியை ஏட்டிடம் கொடுத்தார். அவளுடைய கைகளைத் தானே மெதுவாகப் பிடித்து, ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்தார்.

பின்சீட்டில் சித்தப்பா துள்ளி நிமிர்ந்தான். சற்று முன்புவரை அழுத முகம் பளிச்சென்று இருந்தது.

"சார்... அப்போ கொலை நான் பண்ணல!"

"பண்ணல. ஆள் மாறாட்டம், மோசடி ரெண்டும்தான் உனக்கு."

"ஃபர்ஸ்ட் ரேங்க் இல்லைன்னா, லிஸ்ட்ல அடுத்தது நான்தானே சார்? மணி இன்னும் அஞ்சு ஆகல. ஸ்காலர்ஷிப்..."

இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

"உங்க ரெண்டு பேருக்குமே கிடைச்சாச்சு தம்பி! தங்கற இடம், சாப்பாடு, துணிமணி, எல்லாம் இலவசம். வருமானச் சான்றிதழ்கூட கேட்க மாட்டாங்க!"