ஒரே எண் கொண்ட இரண்டு வன்தட்டுகள்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில், பதினொரு ஆண்டுகளாக இசபெலின் மேசையில் வைத்துவந்த நீலப்பூக் கோப்பையைப் பியோன் செல்லசாமி அன்று முற்பகலில் ரோகினியின் மேசையில் வைத்தார்.

“இசபெல் மிஸ், தேத்தண்ணி ஆறிடப் போகுதுங்க,” என்று ரோகினியிடமே சொன்னார்.

யாழ்ப்பாணத்துக்காரியான ரோகினி அவரைத் திருத்தவில்லை. எடுத்துக் குடித்தாள். எதிரே இருந்த இசபெல், செல்லசாமிக்குக் கண் மங்கிவிட்டது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தானாகவே கற்று, அந்த அலுவலகத்தின் கணக்குகள் எல்லாம் இருக்கும் கணினியான சேர்வரை இத்தனை காலமும் கட்டிக் காத்தவள் அவள். ஹட்டனில் புதிய அலுவலகம் திறக்கவிருந்த அந்த 2009ஆம் ஆண்டில், அதன் பொறுப்பைத் தோட்ட மேலாளரான துரை ரோகினிக்குக் கொடுத்தார். சேர்வரை அப்படியே பிரதியெடுத்து ஒப்படைக்கும் வேலையை மட்டும் இசபெலுக்கு விட்டார். ரோகினியின் பட்டமும், துரை அவளுக்கு மட்டும் எழுந்து நின்று சொல்லும் வணக்கமும் இசபெலின் வயிற்றை எரித்தன.

கணினியின் தரவைச் சேமிக்கும் வன்தட்டைப் பிரதியெடுத்தால், பிரதியில் மூலத்தின் அடையாள எண்ணும் ஏறிவிடும். வேறு எண் கொடுக்காமல் இரண்டையும் ஒரே கணினிப் பெட்டியில் பொருத்தினால், கணினி ஒன்றை ஏற்று மற்றதை ஒதுக்கிவிடும். பிரதிதான் ஒதுக்கப்படும், ரோகினி தலைகுனிவாள் என்று நம்பி, இசபெல் எண்ணை மாற்றாமலே விட்டிருந்தாள்.

“அக்கா, உந்த நம்பரை மாத்திப்போட்டியளோ?” என்று காலையில் ரோகினி கேட்டிருந்தாள்.

“மாத்தாம குடுப்பேனாங்க? எங்களுக்கும் கொஞ்சம் வேலை தெரியும்.”

தேத்தண்ணி வருவதற்குச் சற்று முன்பு, துரையின் முன்னிலையில், மூலம் இருந்த பெட்டியிலேயே ரோகினி பிரதியைப் பொருத்தினாள். துரை திரையைப் பார்த்தார். திருப்தியோடு தலையசைத்துவிட்டுப் போனார்.

இப்போது இசபெல் எழுந்து அந்தத் திரையைப் பார்த்தாள். ஒரு தட்டு இயங்கிக்கொண்டிருந்தது. மற்றது ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒதுக்கப்பட்டது மூலம்.

எண்ணை உடனே மாற்றிவிட எண்ணித் தன் கடவுச்சொல்லை அடித்தாள். அப்படியொரு பயனர் இல்லை என்றது கணினி. தொழிற்சாலையிலிருந்து வாடிய கொழுந்தின் வாசனையைச் சுமந்துகொண்டு மேலேறிய மூடுபனி, சன்னல் இடுக்குகளின் வழியே நுழைந்து, மேசைக் கால்களை ஒவ்வொன்றாக நனைத்து, அவளுடைய முழங்கால்வரை வந்து நின்றது. தூரத்து இயந்திரங்களின் உறுமல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. தன் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தாள்.

அவளுடைய கைத்தொலைபேசி ஒலித்தது. ரோகினி கைநீட்டி எடுத்தாள்.

“சொல்லும்மா.”

யாழ்ப்பாணப் பேச்சு அல்ல. இசபெலின் பேச்சு. இசபெலின் குரல்.

“வெள்ளனா வந்துரு புள்ள,” என்றாள் மறுமுனையில் இசபெலின் தாய் அம்மாக்கண்ணு. “மீன் வாங்கியிருக்கேன்.”

“அம்மா! நான் இங்க இருக்கேம்மா!” என்று இசபெல் அலறினாள்.

“அது என்ன புள்ள இரைச்சல்?”

“ஒண்ணுமில்லம்மா. பழைய மிஷினு.”

செல்லசாமி பெரிய பிளாஸ்டிக் விரிப்போடு வந்தார்.

“இந்த மூலை இனி வேணாம்னு தொரை சொல்லிட்டாருங்க.”

“மூடிருங்க அண்ணே,” என்றாள் ரோகினி.

கணினியை மூடினார். மேசையை மூடினார். நாற்காலியையும். அதில் இருந்தவளையும். கயிற்றைச் சுற்றினார். இறுக்கினார். முடிச்சிட்டார்.

மூச்சுப் பட்டு மங்கிய விரிப்புக்குள்ளிருந்து இசபெல் பார்த்தாள். ரோகினி இசபெலின் கம்பளிச் சட்டையை எடுத்து அணிந்துகொண்டிருந்தாள். தோளிலும் கையிலும் அது கச்சிதமாகப் பொருந்தியது. இசபெலுக்கு ஒருநாளும் அப்படிப் பொருந்தியதில்லை.