ஒன்பது நொடி

மாசிலாமணி சார் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை வாய்த்திரையைத் துவைத்துக் காயப்போடுவது. மூக்குக்குக் கீழே தொடங்கி முகவாய் வரை மறைக்கிற சாம்பல் நிறத் துணி அது. மூச்சு தாராளமாகப் போகும், உதடு மட்டும் தெரியாது. பல் தேய்க்க மறந்தாலும் இதை மறக்கமாட்டார் என்று அவர் மனைவி கேலி செய்வாள். மறந்தால் அவ்வளவுதான். வாய்த்திரை இல்லாமல் ஓர் ஆசிரியர் வகுப்புக்குள் காலை வைத்தால் அன்றைக்கே விளக்கம் கேட்டு ஓலை வந்துவிடும்.

பிள்ளைகள் பங்குக்குச் செவிமணி. நெடுங்கரை அரசு மேல்நிலைப் பள்ளியின் வாசலில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும், ஆளுக்கொரு ஜோடி. காதில் செருகிக்கொண்டு உள்ளே போனால் நாலு மணிக்குத்தான் கழற்றலாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே சாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் நாற்பது பேரும் ஒரே பாடத்தைக் கேட்பதில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், உயிர்கள் எப்படி வந்தன என்று பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. ஒரு கட்சி பரிணாமம் என்றது, இன்னொரு கட்சி படைப்பு என்றது. சட்டசபையில் மைக் பறந்தது. பாடப்புத்தகங்களை நடுரோட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். யார் எறிந்ததோ, ஒரு கல் மாசிலாமணியின் புருவத்தைப் பதம் பார்த்தது, நாலு தையல். கடைசியில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி இருவழிப் பாடச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பெற்றோர் ஒரு படிவத்தில் பரிணாம வழி, படைப்பு வழி என்ற இரண்டில் ஒன்றை டிக் அடித்தால் போதும். ஆசிரியர் பேசுவதைச் செவிமணி முதலில் கேட்கும். அந்தப் பிள்ளையின் வழிக்கு ஆகாத வாக்கியம் வந்தால் அதை விழுங்கிவிட்டு, அதே ஆசிரியரின் குரலில் வேறொன்றைக் காதில் போடும். கரும்பலகைகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். குடும்ப அட்டையில் பரிணாம வழிக்கு நீலப் புள்ளி, படைப்பு வழிக்கு மஞ்சள் புள்ளி. வீட்டு இணையமும் அதன்படிதான். மஞ்சள் அட்டைக்காரரிடம் நீல விஷயத்தை எந்த அரசு ஊழியரும் பேசக் கூடாது, மாற்றியும் அப்படியே. இரண்டு தலைவர்களும் ஒருவருக்கொருவர் லட்டு ஊட்டிக்கொண்ட படம் பேப்பரில் வந்தது. அதோடு சண்டை ஓய்ந்தது.

காதில் போட வேண்டிய அந்த மாற்று வாக்கியங்களை யாராவது எழுத வேண்டுமே. அதற்குப் போட்ட குழுவில் உயிரியல் பிரிவுக்கு எழுதியவர் மாசிலாமணி. லேசுப்பட்ட வேலையில்லை. எடுத்த வாக்கியம் ஒன்பது நொடி என்றால் போடுகிற வாக்கியமும் ஒன்பது நொடி ஓட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வகுப்பு சிரிக்கும்போது மறுபாதி முழிக்கும். கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு இருநூற்றுப் பதினாலு வாக்கியம் எழுதினார். ஒட்டுப்போட்ட இடமே தெரியலையே என்று குழுத் தலைவர் தோளில் தட்டினார். இனி எந்த வாத்தியார் மேலும் கல் விழாது, அதில் நமக்கும் பங்கு உண்டு என்று மாசிலாமணி பெருமைப்பட்டுக்கொண்டார்.

இந்த வருஷத்து ஆறாம் வகுப்புச் சேர்க்கை நாள். படிவம் வாங்குகிற வேலை மாசிலாமணிக்கு. அறை மூலையில் வழக்கம்போல அரசாங்கத்தின் கண்காணிப்புக் கேமரா. மூன்றாவது பீரியடுக்கு முன்னால் கடைசியாக ஒரு பெண் தன் மகளோடு உள்ளே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிற நப்பின்னை.

"சார், நல்லா இருக்கீங்களா? இது என் பொண்ணு குயிலி. உங்க கிட்டயே படிக்கட்டும்னு கூட்டியாந்துட்டேன்."

"சந்தோஷம்மா. வீட்டுக்காரர் வரலையா?"

"அவரு நெஞ்சாஸ்பத்திரில இருக்காரு சார். மூணு வருஷமாச்சு. காசநோய். எந்த மருந்துக்கும் கட்டுப்படலைங்கறாங்க." புடவைத் தலைப்பால் மேசை விளிம்பைத் துடைத்தாள். "இவளுக்கும் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு மாசமா மாத்திரை போகுது. இப்ப இருமலே இல்ல. யாருக்கும் பரவாது, பள்ளிக்கூடம் போகலாம்னு டாக்டரே எழுதிக் கொடுத்துட்டாங்க. இந்த வாரத்தோட மாத்திரையை நிறுத்திரலாம்னு இருக்கேன்."

மாசிலாமணி பேனாவை மூடினார். "டாக்டர் நிறுத்தச் சொன்னாங்களா?"

"இல்ல சார். ஒன்றரை வருஷம் சாப்பிடணுமாம். ஏன்னு கேட்டா ரூல் அப்படிங்கறாங்க. நம்ம அட்டையில மஞ்சப் புள்ளி, காரணம் சொல்லமாட்டாங்க. இவ மாத்திரை போட்டா ஒரு வாய் சோறு இறங்காம வாந்தி எடுக்கறா. நல்லான பிள்ளைக்கு எதுக்கு சார் விஷம்? நீங்கதான் அன்னிக்கே சொல்லிக் கொடுத்தீங்களே. காய்ச்சல் விட்டதும் மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும், நம் உடம்பைப் போல நுட்பமான படைப்பு வேறில்லை. இவங்கப்பாவுக்கு மூணாம் மாசம் எடை ஏறினதும் அதை நினைச்சுத்தான் நிறுத்தினேன். என்னமோ, அவரு விதி, திரும்பி வந்துருச்சு."

ஒரு சொல் பிசகாமல் அப்படியே சொல்கிறாள். அவர் எழுதிய நூற்றி முப்பத்தொன்றாவது வாக்கியம். அந்த இடத்தில் அவர் வாயால் சொன்னது வேறு. அரைகுறையாக மருந்து போட்டால் பலவீனமான கிருமி சாகும், தாக்குப்பிடித்த கிருமி பிழைத்துப் பெருகும், அதன் வாரிசுகளுக்கு அந்த மருந்து உறைக்காது. உயிரினம் மாறுகிறது என்று அதில் வருவதால் மஞ்சள் காதுக்கு ஆகாது என்று அன்றைக்குக் குழுவில் எடுத்துவிட்டார்கள். ஒன்பது நொடி காலியாக நின்றது. சாயங்காலம் நாலே முக்கால், எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். எழுதி முடித்ததும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். போட்டது அவர் கைதான். தலைவர் பார்த்தால் திரும்ப விவாதம் ஆரம்பிக்குமே என்று அதை அழித்ததும் அவர் கைதான். வாக்கியம் காதுக்கு இதமாக இருந்தது. அதுவரை எழுதியதில் அதுதான் நன்றாக வந்திருப்பதாகக்கூட நினைத்தார்.

ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். கேமராவை ஒரு தடவை பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிற குயிலியைப் பார்த்தார். அப்புறம் வாய்த்திரையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். பழைய மாணவி அந்த உதடுகளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மாத்திரையை நிறுத்தாதேம்மா. ஒரு வேளைகூட விடாதே. வாந்திக்கு டாக்டர் கிட்ட வேற மருந்து கேளு. கிருமி அப்படியே இருக்கிற ஜந்து இல்ல, மாறும்." அந்த ஒன்பது நொடியைச் சொன்னார். கையில் ஐந்து விரலை விரித்து, நாலை மடக்கி, மிஞ்சிய ஒரு விரல் எப்படிப் பல்லாயிரமாகப் பெருகும் என்று சொன்னார்.

நப்பின்னை அசையாமல் கேட்டாள். எப்போதும் அவளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

"அப்ப அன்னிக்கு ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

செவிமணி மேல் பழியைப் போட்டுவிடலாம். நான் சொல்லவே இல்லை, மெஷின் சொன்னது என்றால் அது பொய்யும் ஆகாது. நாக்கு நுனி வரை வந்தது.

"உன் காதுல விழுந்தது நான் எழுதிக் கொடுத்ததும்மா. தெரிஞ்சேதான் எழுதினேன்."

"நிறுத்தாம சாப்பிட்டிருந்தா இவங்கப்பா வீட்டுக்கு வந்திருப்பாரா?"

"வந்திருப்பாரும்மா."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தாள். மகளைக் கூப்பிட்டு ஒன்றைப் பிதுக்கி அவள் கையில் கொடுத்தாள். பிள்ளை முகம் சுளித்தது. விழுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு டிக் அடிக்காத படிவத்தை மேசையில் அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே எழுதிருங்க சார். உங்களுக்குத்தான் எழுத நல்லா வருமே."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மாசிலாமணி அந்தப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது பீரியடு மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பு, நுண்ணுயிர்ப் பாடம். வாய்த்திரையை மேசையிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். சாருக்குக் கீழ் உதட்டில் மச்சம் இருப்பது இத்தனை நாள் யாருக்கும் தெரியாது.

"எல்லாரும் செவிமணியைக் கழற்றுங்க" என்றார்.

நாற்பது பேரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. என்றைக்காவது ஓர் ஆசிரியர் இப்படிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று குழுவில் யோசித்தவர் அவரேதான். எல்லாருக்கும் நிமிர்ந்து உட்காருங்கள் என்று கேட்கட்டும் என்று எழுதி வைத்தார். இருநூற்றுப் பதினாலாவது, கடைசி வாக்கியம். அதற்குத் தலைவர் எழுந்து நின்று கை தட்டினார்.

மருந்தை ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதை ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, உரக்கச் சொன்னார். பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். முதல் பெஞ்சில் ஒரு சிறுமி மட்டும் எழுதாமல் அவர் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நோட்டில் பாதி எழுதியபடி நின்றது: காய்ச்சல் விட்டதும் மீதியை உடம்பே.

"சார், உங்க வாய் ஒண்ணு சொல்லுது, குரல் ஒண்ணு சொல்லுது. இதுல எது சார் நீங்க சொன்னது?"

மாசிலாமணி அவள் முன்னால் குனிந்து, செவிமணியை வாங்கிக்கொள்ள உள்ளங்கையை நீட்டினார்.

"ரெண்டும் நான் சொன்னதுதாம்மா."