முப்பத்தேழும் தொண்ணூற்றெட்டும்

கீழ்வேளூர் வட்டாரப் பெருமக்களுக்கும், நெல் விளைவிப்போருக்கும், சோறு உண்ணும் ஏனைய மனித குலத்துக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: துரைராசு நவீன அரிசி ஆலையில் இனி நெல்லை மனிதர் அவிக்க மாட்டார், கணினி அவிக்கும்.

இப்படி வெட்டிய கருங்கல் ஒன்று ஆலை வாசலில் நின்றது. மயிலாடுதுறையிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த ரெமிஜியஸ் அதை முழுக்கப் படித்தார். கல்லில் வெட்டிய பிறகு கணினி சூடாகிப் படுத்துக்கொள்வது சங்கடம்தான் என்று நினைத்துக்கொண்டார். உச்சி வெயில். அவிந்த நெல்லின் வாடை தொண்டையில் ஒட்டியது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது.

முதலாளி துரைராசு அவரைக் கண்ணாடி அறைக்கு அழைத்துப் போய்க் குறையைச் சொன்னார். பிராசஸரின் சூடு முப்பத்தேழு டிகிரி செல்சியஸ் என்கிறது ஒரு சாஃப்ட்வேர். தொண்ணூற்றெட்டு, அதாவது தொட்டியில் நெல் அவியும் சூடு, என்கிறது இன்னொன்று. மெஷின் அடிக்கடி தானாக அணைந்து, தானாக எழுகிறது. எழுந்ததும் முதல் காரியமாக அவியல் தொட்டியின் நீராவி வால்வைத் திறந்துவிடுகிறது.

போன மாதம் அப்படித் திறந்தபோது தொட்டிக்குள் இருந்தவர் ஆலைத் தொழிலாளி காயாரோகணம். ஒட்டிய நெல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளே இறங்குகிறவர் தன் துண்டை வால்வுச் சக்கரத்தில் கட்டிவிட்டுத்தான் இறங்குவார். துண்டு தொங்கும்வரை சக்கரத்தை யாரும் தொடமாட்டார்கள். அவரும் கட்டியிருந்தார். கணினிக்குத் துண்டைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தூக்கியவர்களின் கையில் தோல் உறையாகக் கழன்று வந்தது. குடித்துவிட்டு விழுந்து செத்தார் என்று துரைராசு ஊருக்குச் சொன்னார். அன்றிலிருந்து ஒருவரும் அந்தத் தொட்டியில் இறங்குவதில்லை, பக்கத்துச் சிறு தொட்டியில்தான் கொஞ்சம் அவியல் நடந்தது.

"முப்பத்தேழு அசையவே மாட்டேங்குதே சார்," என்றார் ரெமிஜியஸ். "பிராசஸர்னா ஏறி இறங்கணும்."

"போன வாரம் ஏறுச்சு தம்பி. நான் காய்ச்சல்ல கெடந்தேன். அன்னிக்கிப் பூரா முப்பத்தொன்பதுல நின்னுச்சாம். மொதலாளிக்கு முடியலேன்னா மெஷினுக்கும் முடியல பாருங்க." விசுவாசமுள்ள வேலைக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டார்.

ரெமிஜியஸ் பெட்டியைத் திறந்தார். ஃபேனில் உமித்தூசி அடைத்திருந்தது. தூசியோடு நரைமுடி சுற்றியிருந்தது. பிராசஸரின் சூட்டை வாங்கும் உலோகக் கட்டியான ஹீட் சிங்கைக் கழற்றினார். இரண்டுக்கும் நடுவே தடவும் பேஸ்ட் பழையதென்றால் காய்ந்து பொடியாக உதிரும். இது ஈரமாக, ஒரே துண்டாக உரிந்து வந்தது.

அதில் விரல் ரேகை இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு துடைத்து எறிந்தார். தூசியை ஊதி, புது பேஸ்ட் தடவி, மாட்டி, ஓட்டிப் பார்த்தார். முப்பத்தேழு. தொண்ணூற்றெட்டு. ஹீட் சிங்கைத் தொட்டால் கிணற்றுக் கல்போலக் குளிர்ந்தது.

யாரையும் உள்ளே இறக்க வேண்டாம், கம்ப்யூட்டரை வால்விலிருந்து கழற்றிவிடலாம் என்று ரெமிஜியஸ் கெஞ்சினார். கல் வெட்டியாகிவிட்டது என்று துரைராசு மறுத்தார். பயந்தாங்கொள்ளிகளுக்குப் புத்தி வர, தானே இறங்கிக் காட்டுவதாக அறிவித்தார். ஆட்களைக் கூட்டி, ஒருவனிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டினார்.

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த எல்லையம்மாள் வந்து நின்றாள். காயாரோகணத்தின் மனைவி.

"துண்டைக் கட்டிட்டு எறங்குங்க மொதலாளி."

"கம்ப்யூட்டர் இருக்கையில துண்டு எதுக்கும்மா?"

இறங்கினார். தொட்டிக்குள்ளிருந்து அவர் பேசிய பேச்சு கணீரென்று எதிரொலித்தது. ரெமிஜியஸ் கண்ணாடி அறைக்கு ஓடினார்.

திரை இருண்டது.

திரும்ப எழுந்தது.

முப்பத்தெட்டு.

பிளக்கைப் பிடுங்கினார். ஃபேன் நின்றது. பெட்டியின் விளக்கு அணைந்தது. திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

நாற்பத்தைந்து.

வெளியே நீராவி சீறியது. துரைராசு முதலில் அதட்டினார். பிறகு கூப்பிட்டார். பிறகு வந்தது பேச்சாக இல்லை.

ரெமிஜியஸ் வெளியே பாய்ந்து வால்வுச் சக்கரத்தைப் பிடித்தார். உள்ளங்கை இரண்டும் இரும்பில் பொரிந்து ஒட்டின. பல்லைக் கடித்து மூடப் பார்த்தார். சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பியது. அவசரமில்லாமல், தினமும் செய்கிற வேலைபோல.

அவர் கைகளின்மேல் வேறு இரண்டு கைகள் இருந்தன.

தோலில்லாத கைகள்.

அலறிக்கொண்டு கையை இழுத்தார். தன் உள்ளங்கைத் தோல் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

நீராவி தானாகவே நின்றது. நெல் தள்ளும் கட்டையால் துழாவினார்கள். முதலில் வேட்டி வந்தது. பிறகு ஒரு கை, தனியாக. மிச்சத்தைக் கோணியில்தான் அள்ள முடிந்தது. வீடியோ எடுத்தவன் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான்.

"துண்டு கட்டல," என்றாள் எல்லையம்மாள், யாரையும் பார்க்காமல்.

ஈரத்துணி சுற்றிய கைகளோடு ரெமிஜியஸ் தன் பையை எடுக்கக் கண்ணாடி அறைக்குப் போனார். பிளக் தரையில் கிடந்தது. பெட்டி குளிர்ந்து கிடந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்றெட்டு.

தொண்ணூற்றெட்டு.

இரண்டு அளவும் ஒத்துப்போய்விட்டன. அவரை வரச் சொன்னதும் அதற்குத்தான்.