எழுந்தால் சிவப்பு

தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் வருவார்கள். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் மனிதர்களுக்கு அப்படித்தான் வருகிறது. அன்று காலை வந்த பெண் கோபப்படவில்லை. உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள்.

அண்ணி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். புரோகிராம்களில் ஒளிந்திருக்கும் பிழைகளைத் தேடிப் பிடிப்பது அண்ணியின் தொழில். கூடமாட ஓடுவது அவள் கொழுந்தன். வீட்டில் அவனுக்கு அவசரம் என்று பட்டப்பெயர். பாதிக் கேள்வியிலேயே பதில் சொல்லிவிடுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"நான் முன்னாடி உட்கார்ந்து ஓட்டினா டெஸ்ட் பாஸாகுது மேடம். எழுந்து போயிட்டா ஃபெயிலாகுது" என்றாள் வந்தவள். "நான்தான் ஏதோ தில்லுமுல்லு பண்றேன்னு டீம் லீடர் சொல்றார். சாயந்திரத்துக்குள்ள காரணம் சொல்லலைன்னா வேலையை விட்டுப் போகணுமாம்."

ரத்த வங்கிக்கான புரோகிராம் அது. எந்தப் பையில் என்ன ரத்தம் என்று வரிவரியாகக் காட்டும். காலாவதியான பைக்கு நேரே 'நோயாளிக்கு ஏற்ற வேண்டாம்' என்று எச்சரிக்கை வரும்படி இவள்தான் புதிதாகச் சேர்த்திருந்தாள். பை எண்ணும் எச்சரிக்கையும் ஒரே வரியில் வருகின்றனவா என்று, அவள் அலுவலகத்துக் கண்ணாடி அறையிலுள்ள ஒரு கம்ப்யூட்டர் மணிக்கொரு முறை தானாக டெஸ்ட் செய்யும். சரியென்றால் பச்சை விளக்கு எரியும், தப்பென்றால் சிவப்பு.

"லீடர் கம்ப்யூட்டர்ல?"

"அவரோடது வேற வகை மேடம். ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் பச்சைதான்."

"அப்போ கண்ணாடி ரூம் மெஷின்தான் பழுது!" என்றான் அவசரம்.

"மெஷின் மேல பழி போடறது சுலபம் தம்பி. அது திருப்பிச் சண்டைக்கு வராது" என்ற அண்ணி, வந்தவளிடம் திரும்பினாள். "சிவப்பு வந்தப்போ அது என்ன எழுதுச்சுன்னு காட்டுங்க."

அவள் செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தை நீட்டினாள். அவசரமும் எட்டிப் பார்த்தான். எழுத்து ஒன்றும் குறையவில்லை. கடைசிச் சொல் மட்டும் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. அண்ணி அதை வெகுநேரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கண்ணாடி அறையில் லீடர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் அல்ல, தூக்கம் கெட்ட மனிதர். "நீங்களே பாருங்க. இவங்க உட்கார்ந்தா மட்டும் பச்சை. இதென்ன மந்திரமா?"

அண்ணி அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னாள். எழுத்துகள் மட்டுமே ஓடும் கறுப்பு டெர்மினல் ஜன்னலை அவள் திரை முழுக்கத் திறந்து டெஸ்டை ஓட்டினாள். பச்சை.

"இப்போ அந்த ஜன்னலோட ஓரத்தைப் பிடிச்சுப் பாதியாச் சுருக்குங்க. வேற எதையும் தொடாம திரும்ப ஓட்டுங்க."

சிவப்பு.

அவசரம் துள்ளிக் குதித்தான். அதே ஆள், அதே நாற்காலி. "அண்ணி, ஆள் இல்லை! அகலம்!"

"ஆமா. புரோகிராம் எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, எதிர்ல இருக்கிற ஜன்னல் எவ்வளவு அகலம்னு கேக்குது. இவங்க உட்கார்ந்தா பெரிய ஜன்னல், வரி முழுசா நிக்குது. தானா ஓடறப்போ ஜன்னலே கிடையாது. பதில் வரலைன்னா எண்பது எழுத்துதான்னு அதுவே முடிவு பண்ணிக்குது. மிச்சத்தைக் கீழே இறக்கிடுது."

"என் மெஷின்ல ஏன் இறங்கலை?" என்றார் லீடர்.

"உங்க வகை மெஷின், ஆள் இல்லாதப்பவும் மறைவா ஒரு ஜன்னலைத் திறந்து வெச்சுக்குது. அது எண்பதைவிட அகலம்."

"அதென்ன எண்பது கணக்கு?"

"திரையே இல்லாத காலத்துல அட்டையில ஓட்டை போட்டுத்தான் புரோகிராம் எழுதினாங்க. ஒரு அட்டைக்கு எண்பது எழுத்து. அப்புறம் திரை வந்துச்சு, அதையும் அதே அளவுக்குச் செஞ்சாங்க. அட்டை போயிடுச்சு. அளவு போகலை."

அவசரம் அந்தக் கம்ப்யூட்டரையே வெறித்துப் பார்த்தான். அவன் பிறப்பதற்கு முன்பே குப்பைக்குப் போன ஓர் அட்டை, இன்று காலை ஒரு பெண்ணை அழவைத்திருக்கிறது! அவனுக்குப் பேச்சே வரவில்லை. அவனை அறிந்தவர்களுக்கு அதுவே பெரிய அதிசயம்.

லீடரின் முகம் சிறுத்துவிட்டது. "மன்னிச்சிடும்மா. அவசரப்பட்டுட்டேன். இந்த மெஷினுக்கும் அகலத்தைக் கூட்டிடுவோம், பச்சையாயிடும்."

"கொஞ்சம் இருங்க" என்றாள் அண்ணி. "ரத்த வங்கியில என்ன திரை இருக்கு?"

"பழைய திரை" என்றார் லீடர். "எண்பதுதான்."

அந்தப் பெண் செல்போனை எடுத்துப் படத்தை மறுபடி பார்த்தாள். காலாவதியான பையின் வரி 'நோயாளிக்கு ஏற்ற' என்று நின்றுபோயிருந்தது. 'வேண்டாம்' கீழே, அடுத்த நல்ல பையின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. "ஐயோ மேடம். நர்ஸ் அவசரத்துல இதைப் பார்த்திருந்தா?"

இத்தனை நாளும் அந்தச் சிவப்பு விளக்கை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். அது யாரோ முகம் தெரியாத ஒரு நோயாளிக்காக எரிந்திருக்கிறது.

அந்தப் பெண் உட்கார்ந்து, 'ஏற்றாதே' என்ற ஒற்றைச் சொல்லை வரியின் தொடக்கத்திலேயே வைத்தாள். லீடரின் கம்ப்யூட்டர் உட்பட எல்லாவற்றிலும் இனி எண்பது எழுத்து அகலத்திலேயே டெஸ்ட் ஓடும்படியும் செய்தாள். டெர்மினல் ஜன்னலை மூடினாள். நால்வரும் வெளியே வந்து, அடுத்த டெஸ்ட் தானாக ஓடும்வரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்து நின்றார்கள்.

ஆளில்லாத அறையில் பச்சை எரிந்தது.

"பாருங்க சார்!" என்று அவள் லீடரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள், மரியாதையெல்லாம் மறந்து. "நான் இங்க நிக்கிறேன். நான் அங்க இல்லவே இல்லை!"